கை நீள நீள கனம் கூடும்!

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை என்றாவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கழுத்து வலிக்கும்! 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் 192 அடி. அன்று டீசலும் இல்லை, கிரேனும் இல்லை. சாரம், கயிறு, மனிதத் தோள்... அவ்வளவுதான்!

தோளுக்கு ஓய்வு தரும் வழி பின்னால்தான் பிறந்தது. அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்றார் பாஸ்கல். 1795-ல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் அதை வைத்து ஹைட்ராலிக் அழுத்தி செய்தார். 1917-ல் அமெரிக்காவின் கிளார்க் கம்பெனி, தொழிற்சாலைக்குள் சுமை இழுக்க ஒரு குட்டி வண்டி செய்தது. அதன் வாரிசுதான் ஃபோர்க்லிஃப்ட்.

ஆனால் ஃபோர்க்லிஃப்டுக்கு சிமென்ட் தரை வேண்டும். தூக்குவதும் நேர் மேலே மட்டும்தான். நடுவில் ஒரு பள்ளமோ சுவரோ வந்தால்? திரும்பிப் போக வேண்டியதுதான்!

அதற்குப் பதில்தான், நீளும் கை வைத்த 'டெலஸ்கோப்பிக்' ஃபோர்க்லிஃப்ட். நம்மூரில் ஜேசிபி என்றால் பள்ளம் தோண்டும் மஞ்சள் வண்டி. அதே கம்பெனி 1977-ல் 'லோடால்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. வைக்கோல் கட்டுகளை அடுக்க விவசாயிகளுக்கும் உதவும், கட்டட வேலைக்கும் உதவும் வண்டி இது. சேற்றிலும் ஓடும் பெரிய டயர்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, அந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் செங்கல்லை இறக்கிவிடும்!

எப்படி? பழைய ரேடியோ ஏரியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக எஃகுப் பெட்டிகள். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு சிலிண்டர் கையை உயர்த்தும், இன்னொன்று நீட்டும். கை எவ்வளவு சாய்ந்தாலும் முன்னால் உள்ள முள் மட்டம் மாறாது. படியேறும்போது சாமி பல்லக்கை, முன்னால் இருப்பவர்கள் தாழ்த்தி, பின்னால் இருப்பவர்கள் உயர்த்திப் பிடிப்பார்களே... அதே சூட்சுமம்தான்!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிடம் தாங்காது! நான்கு டன் தூக்கும் இயந்திரமும், கையை முழுசாக முன்னால் நீட்டினால் சில நூறு கிலோதான் தூக்கும். எவ்வளவு நீட்டினால் எவ்வளவு எடை என்ற அட்டவணை ஓட்டுநர் முன்னாலேயே இருக்கும். 'கொஞ்சம்தானே...' என்று அதை மீறினால் பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். வண்டி குப்புற விழும். கீழே நிற்பவர்களின் கதி?

கட்டட வேலைக்குப் பரவலாக வரும் வண்டிகளில் உயரமானவைகூட 60 அடி வரைதான் எட்டும். நம் ராஜகோபுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! அதற்கு மேலே போக இன்றும் சாரம்தான். சாரம் கட்டுபவரோ, வண்டி ஓட்டுபவரோ... இருவரும் முதலில் கற்க வேண்டியது ஒன்றே. தன் கை எதுவரை தாங்கும் என்பதை!