பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி: ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டும் 2020 அரசாணையும்

தமிழ்நாட்டில் 1,018 ஊர்களின் பெயர்களை, தமிழில் ஒலிப்பதுபோலவே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்ற அரசாணை 2020 ஏப்ரல் 1 அன்று பிறப்பிக்கப்பட்டது. ஜூன் இரண்டாம் வாரத்தில் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஜூன் 18 அன்று திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெறுவதை அறிவித்தவர் அன்றைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் க. பாண்டியராசன். அவர் அப்போது ஆவடி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரும் பூந்தமல்லியும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒரே சீராக எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இவ்வூர்கள் நல்ல சான்றுகள்.

பூந்தமல்லிக்குத் தமிழிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. பேச்சில் பூந்தமல்லி, எழுத்தில் பூவிருந்தவல்லி, பூவிருந்தமல்லி என்றும் வரும். இராமானுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இது. இங்கே நந்தவனம் வைத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குப் பூ கொண்டுசென்றார் என்பது மரபுவழிச் செய்தி. ஊர்ப்பெயரில் உள்ள பூவை மக்கள் அதனோடு சேர்த்தே சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நிலைத்த எழுத்துக்கூட்டிலோ 'பூந்த' என்பதன் தகரம் அடியோடு காணாமற்போய், ஊர் 'பூனமல்லீ' ஆயிற்று. 2020 பட்டியல் இதை மாற்றப் 'பூவிருந்தவல்லி' என்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் பேருந்தில் ஏறிப் 'பூவிருந்தவல்லிக்கு ஒரு டிக்கெட்' என்று கேட்பவர் குறைவு. எழுத்துக்கூட்டைத் திருத்தும் முன், எந்தத் தமிழ் வடிவம் மூலம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கேள்வி அப்போது போதிய அளவு பேசப்படவில்லை.

அம்பத்தூரின் சிக்கல் வேறு. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டில் நடுவில் இரண்டு 'டி' உண்டு. தமிழ் தெரியாதவர் அதை 'அம்பட்டூர்' என்றே படிப்பார். புதிய பட்டியல் ஒவ்வொரு 'டி'க்கும் பின்னால் ஒரு 'எச்' சேர்த்தது. இறுதி 'யு'வை இரண்டு 'ஓ' ஆக்கியது. ஒலி சரியாயிற்று, சொல் நீண்டது. வேலூருக்கு நேர்ந்ததுதான் பெரிய கேலிக்கு இடமாயிற்று. நெடில் ஏகாரத்தைக் காட்ட இரண்டு 'இ' எழுத்துகளைப் போட்டார்கள். ஆங்கிலப் பழக்கம் உள்ள கண்ணுக்கு அது 'வீலூர்' என்று தெரிந்தது. பட்டியலைத் தயாரித்தவர்கள் ஒரு விதியை வைத்திருந்தார்கள், படிப்பவர்கள் இன்னொரு விதியை வைத்திருந்தார்கள்.

தமிழ் எழுத்தின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். க, ச, ட, த, ப ஆகிய ஒவ்வோர் எழுத்தும் இடத்துக்கேற்ப ஒலி மாறும். 'பத்து' என்பதில் உள்ள தகரம் வேறு, 'மதுரை'யின் தகரம் வேறு. ஆவடியின் 'டி' மெலிந்து ஒலிப்பதால் ஆங்கிலத்தில் 'டெல்லி'யின் முதலெழுத்தே அதற்குப் பொருந்தும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் ஒலி கெடும். ஒலியைப் பின்பற்றினால் ஒரே தமிழ் எழுத்துக்கு இரண்டு மூன்று ஆங்கில வடிவங்கள் வரும். 1870களில் அரசு ஏற்ற ஹண்டர் முறைகூட, நெடுங்காலம் பழகிவிட்ட ஊர்ப்பெயர்களுக்கு விலக்கு அளித்தது.

ஆவடியைப் பற்றி ஒரு கதையும் உண்டு. அதன் ஆங்கில எழுத்துகள் இராணுவ வாகனக் கிடங்கைக் குறிக்கும் சுருக்கம் என்று பல பொது அறிவு நூல்கள் எழுதுகின்றன. கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது 1961இல்தான். 1955 சனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடே 'ஆவடி காங்கிரஸ்' என்று பெயர் பெற்றுவிட்டது. மாணவர்கள் தேர்வில் இந்தச் சுருக்கத்தை எழுதாமல் இருப்பது நல்லது.

பெயர் மாற்றத்தின் சுமை ஆவணங்களின்மேல் விழுகிறது. பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டு, கடவுச்சீட்டில் வேறொன்று, நிலப் பத்திரத்தில் மூன்றாவது என்றிருந்தால், மூன்றும் ஒரே ஊர்தான் என்று மெய்ப்பிக்கும் வேலை சாமானிய மனிதரைச் சேர்கிறது. கணினித் தேடலில் இது இன்னும் கடுமை. ஓர் எழுத்து மாறினாலும் பதிவு கிடைக்காமல் போகலாம்.

அலுவலகத்துக்கு அலுவலகம் பெயர் மாறுவதும் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு 1979இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது. 2021 ஏப்ரலில் அச்சாலையில் வைத்த பலகைகளில் 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்ற பழைய பெயர் இருந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. மாநகராட்சி ஆவணத்தில் பெரியார் பெயரும், நெடுஞ்சாலைத் துறை ஆவணத்தில் பழைய பெயரும் இருந்ததே குழப்பத்தின் வேர். நாற்பது ஆண்டுகளாக ஒரு பதிவேடு திருத்தப்படாமலே இருந்தது என்பது வருத்தத்துக்குரியது.

எழுத்துக்கூட்டை நம்பாத ஏற்பாடுகளும் உள்ளன. 1972 ஆகஸ்டு 15 அன்று அறிமுகமான அஞ்சல் குறியீட்டு எண்ணின் நோக்கங்களில் ஒன்று, ஒரே மாதிரியான ஊர்ப்பெயர்களாலும் பல மொழி முகவரிகளாலும் வரும் குழப்பத்தைத் தீர்ப்பது. அம்பத்தூருக்கு 600053, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. மேலே எந்த வடிவத்தில் பெயர் எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். ரயில்வேயும் அப்படியே செய்கிறது: மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று, சென்ட்ரல் நிலையத்துக்கு 2019இல் எம்.ஜி.ஆர். பெயர் வந்தது, பயணச்சீட்டில் நிலையக் குறியீடு இன்றும் 'எம்ஏஎஸ்'தான்.