மூலை போன சான்றிதழ்

என் மாமனார் 1946 கடைசியில் கடற்படையிலிருந்து பென்னாகரத்துக்குத் திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு பதக்கம், நாலாக மடித்த கெட்டிக் காகிதம் ஒன்று. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஏரும் மாடும் என்று இருந்து 1981-இல் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்தக் காகிதத்தின் ஒரு மூலை இல்லாமல் இருந்தது. ஊர் அதைப் பற்றி நிறையவே பேசியது.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கடற்படையில் ஒரு வழக்கம் இருந்தது. மாலுமி ஒருவனை நடத்தை சரியில்லை என்றோ அவமானப்படுத்தியோ அனுப்பினால், அவனுடைய பணிச் சான்றிதழின் மூலையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். படிவத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவன்கூடப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். இதைத் தெரிந்த பட்டாளத்துக்காரர் யாரோ ஒருவர் பங்காளி வீட்டில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "கப்பல்ல திருடிப் புட்டாராம், மூலையை வெட்டி அனுப்பிட்டாங்களாம்" என்று கதை கிளம்பிவிட்டது. 1966-இல் என் மனைவியின் அக்காவுக்கு வரன் பார்த்தபோது, வந்தவர்கள் வாசலிலேயே அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அக்காவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் கதை தலைகீழாக மாறியது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன் 1946 கடற்படை எழுச்சி பற்றி எங்கோ படித்திருக்கிறான். "மாமா, தாத்தா திருடலை. ஸ்ட்ரைக் பண்ணியிருக்கார். அதனாலதான் மூலையை வெட்டியிருக்காங்க" என்று போனில் கத்தினான். சுதந்திர தினத்துக்கு ஊரில் பேனர் வைக்கவும் ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டான். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. நான்தான் நடுவில் புகுந்து, பேனருக்கு முன்னால் காகிதத்தைப் பார்த்துவிடலாம் என்றேன். முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

பையன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் 'தல்வார்' என்ற சமிக்ஞைப் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாடு, சம்பளத்தில் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் இருந்த வித்தியாசம், தளபதியின் வசவு எல்லாம் சேர்ந்து வெடித்தது. ஒரு வாரத்துக்குள் 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று பரவியது. கராச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நம் சென்னையில் 'அடையார்' என்ற கரைத்தளத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். வல்லபபாய் படேல் சொல்லி 23-ஆம் தேதி சரணடைந்தார்கள். பிறகு 476 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் இந்த எழுச்சியையும் விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. ஆக, மூலை வெட்டுப்பட்ட மாலுமி திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பையன் முதலில் லண்டனில் தேடினான். அங்குள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையதளத்தில் மாலுமிகளின் ஏடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. நாலு நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் செய்யாது. அவை இங்கிலாந்துக் கடற்படையின் ஏடுகள். நம்மவர்கள் இருந்தது 1934 அக்டோபர் 2-ஆம் தேதி அந்தப் பெயர் பெற்ற ராயல் இந்தியக் கடற்படை. அது வேறு படை. போர் தொடங்கியபோது அதில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. முடிந்தபோது 25,000-க்கும் மேல். அதிகாரிகளின் பெயராவது அச்சிட்ட பட்டியல்களில் இருக்கும். சாதாரண மாலுமிக்கு அதுவும் கிடையாது.

அடுத்து அவன் செய்த தப்பு, எல்லா இடத்திலும் 'தர்மபுரி மாவட்டம்' என்று போட்டது. நம் மாவட்டம் பிறந்ததே 1965 அக்டோபர் 2-இல்தான். (கடற்படைக்குப் பெயர் வைத்த அதே தேதி, பாருங்கள்.) 1943-இல் படையில் சேர்ந்தவர் 'சேலம் ஜில்லா, மதராஸ் மாகாணம்' என்றுதான் எழுதியிருப்பார். பழைய காகிதம் தேடுகிற உள்ளூர்க்காரர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயரும் ஒரு தலைவலி. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே பிறப்புப் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால், பிற்பாடு கல்யாணம் ஆனாலும் அதே பக்கத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதிவிடுவார்கள். ஒரு பக்கத்தைப் பிடித்தால் ஆளைப் பிடித்துவிடலாம். பிரிட்டிஷ்காரன் ஆண்ட பக்கம் அப்படி இல்லை. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி ஓர் எழுத்தர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், ஆங்கில எழுத்துக்கூட்டலை அவரவர் காதுக்கு ஏற்பச் செய்வார். அதனால் பெயரை நம்பக் கூடாது, பணி எண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்த எண் எங்கள் காகிதத்தில் தெளிவாகவே இருந்தது.

தர்மபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தேன். மும்பை மான்குர்டில் இந்தியக் கடற்படை மாலுமிகளின் ஆவணங்களைக் கவனிக்கும் பிரிவுக்கு எழுதச் சொன்னார்கள். பணி எண், சேர்ந்த வருடம், பதக்கத்தின் படம், வாரிசுச் சான்று நகல் எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று காகிதத்தையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடும்பத்தில் ஆளாளுக்கு அதைப் பார்த்திருக்கிறார்கள், மூலையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. கட்டம் கட்டமாக, எந்தக் கப்பல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை என்று போட்டிருந்தது. வேலை 'ஸ்டோக்கர்', அதாவது கொதிகலன் அறை ஆள். வீட்டில் 'காவேரிக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டார்' என்பார்கள். காவேரி என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் உண்மையாகவே இருந்தது. ஆனால் இவர் இருந்தது 'நர்பதா'. ஒகேனக்கல் ஊர்க்காரர்கள் நர்மதையைக் காவிரியாக்கிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கரியும் கிடையாது, அது எண்ணெயில் ஓடிய கப்பல். 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில் துருப்புகள் இறங்கியபோது நர்பதா பீரங்கியால் துணைநின்றது. பெட்டியில் இருந்த ஆறுமுனைப் பதக்கம் பர்மா ஸ்டார். எல்லாம் பொருந்தி வந்தது. தேசப் பிரிவினையில் அந்தக் கப்பல் பாகிஸ்தானுக்குப் போய் 'ஜீலம்' என்று பெயர் மாறியது. மாமனாருக்கு அது தெரிந்திருக்குமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் 'அடையார்' என்று இருந்தது. 1945 டிசம்பர் முதல். எனக்கு நெஞ்சு படபடத்தது. பிப்ரவரியில் வேலைநிறுத்தம் நடந்த அதே தளம்!

அடுத்து மூலை. கத்தரியால் வெட்டியிருந்தால் ஓரம் நேராக இருக்கும். இது பல் பல்லாக, உள்ளே வளைந்து போயிருந்தது. பெட்டியின் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடம் ஒன்று உண்டு. அங்கே சான்றிதழுக்குக் கீழே கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம் ஒன்றும் கிடந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அதே மூலை, அதே வளைவு. செல் அரித்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் யாருக்கும் மூலை வெட்டி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஐந்து மாதம் கழித்து மும்பையிலிருந்து ஒரு பக்கப் பதில் வந்தது. சேர்ந்த தேதி, கப்பல்கள் எல்லாம் ஒத்துப்போயின. நடத்தை: 'மிக நன்று'. வெளியேறிய காரணம்: போர் முடிந்த ஆட்குறைப்பில் விடுவிப்பு. தண்டனை என்ற இடத்தில் ஒரு கோடு.

பையன் சோர்ந்துபோனான். "அடையார்லதானே மாமா இருந்தார்? எல்லாரும் ஸ்ட்ரைக் பண்ணினபோது இவர் மட்டும் சும்மாவா இருந்திருப்பார்?" என்றான். இருந்தார், அதுவரை எழுதியிருக்கிறது, அதற்கு மேல் காகிதம் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பேனரில் 'புரட்சி வீரர்' என்று போடக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அவனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

அக்காவிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. திருட்டுப் பட்டத்தை எடுக்க வந்தவன் தியாகிப் பட்டத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேனே. பதிலை வாசித்துக் காட்டினேன். "மிக நன்று" என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். பிறகு, "அதை இங்கிலீஷ்ல எழுதியிருக்கா மாப்பிள்ளை? சீல் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். "அப்பப் போதும்" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் சான்றிதழையும் மும்பைக் கடிதத்தையும் கண்ணாடிச் சட்டம் போட தர்மபுரிக்குக் கொண்டுவந்தோம். கடைப் பையன் காகிதத்தைப் பலகையில் விரித்துவிட்டு, "இந்த மூலை அசிங்கமா இருக்கு, நேரா வெட்டி விட்டுடட்டுமா சார்?" என்று கத்தியை எடுத்தான்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.