பெயர்களும் பிரபுக்களும்

இங்கிலாந்தின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்திலே படித்தவர்களுக்கு வில்லியம், ஹென்றி, ரிச்சர்ட், றொபேட் என்னும் பெயர்கள் பழகிப்போனவை. ஆங்கிலேயன் என்றதும் நம் நினைவுக்கு வருவனவும் இவையே. ஆனால் 1066க்கு முன்னர் அந்நாட்டு உழவனொருவன் இவற்றைக் கேட்டிருந்தால், பிறநாட்டார் பெயர்கள் என்றே கொண்டிருப்பான். அவ்வாண்டிலே நோர்மண்டியின் கோமகன் வில்லியம் படையெடுத்து வந்து முடிசூடிக்கொண்டான். அவனுடைய சேனையோடு கடல் கடந்து வந்த பெயர்கள் இவை.

அதற்கு முன்பிருந்த பெயர்முறை வேறு. இரு சொற்களை இணைத்துப் பெயராக்குவது பழைய ஆங்கிலேயரின் வழக்கம். கொட்வின் என்றால் கடவுளின் நண்பன்; எட்வர்ட் என்றால் செல்வத்தின் காவலன். பெற்றோர் பெயர்களிலிருந்து ஒவ்வொரு பாதியை எடுத்துப் பிள்ளைக்கு வைப்பதும் உண்டு. வூஸ்டர் நகரின் ஆயராக இருந்த வுல்ப்ஸ்தானின் தந்தை எதெல்ஸ்தான், தாய் வுல்ப்கிவா. தாயிடமிருந்து ஓநாயும் தந்தையிடமிருந்து கல்லும் மகனுக்கு வந்தன. சேர்த்துப் பார்த்தால் பொருள் ஒன்றும் துலங்காது; ஆயினும் இரு குடும்பங்களின் உறவு அப்பெயரிலே நின்றது. படையெடுப்புக்கு முன்பே பதவியேற்று, 1095இல் இறக்கும்வரை அதிலே நிலைத்திருந்த ஆங்கிலேய ஆயர் இவர். பெயரும் ஆளும் ஒருசேரப் பழங்காலத்தின் மிச்சமாயினர்.

1086இல் எடுக்கப்பட்ட நிலக்கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அரசனிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்றிருந்தோருள் ஆங்கிலேயர் மிகச் சிலரே. நிலம் கைமாறியது, பெயர் அதன் பின்னாலே போயிற்று. 1100இல் முதலாம் ஹென்றி, ஸ்கொத்லாந்து மன்னன் மல்கமின் மகளை மணந்தான். அவளுடைய ஞானஸ்நானப் பெயர் ஈடித் என்னும் ஆங்கிலப் பெயர். அரசியான பின் அவள் மற்றில்டா என்றே வழங்கப்பட்டாள். அவள் ஆங்கிலேய அரச மரபின் வழிவந்தவள் என்பதனால் நோர்மன் பிரபுக்கள் அரசனையும் அவளையும் கொட்றிக், கொட்கிவா என்று நையாண்டி செய்ததாக மாம்ஸ்பரி வில்லியம் என்னும் துறவி எழுதிவைத்திருக்கிறார். ஒரு மக்களின் சொந்தப் பெயர்களே ஏளனமாகிவிட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏளனத்துக்கஞ்சிய தகப்பன் தன் பிள்ளைக்கு எப்பெயர் வைப்பான்? பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் பழைய பெயர்களிற் பெரும்பாலானவை அருகிவிட்டன. எட்வர்ட் தப்பியதற்குக் காரணம் அப்பெயருடைய மன்னனொருவன் புனிதனாக வணங்கப்பட்டமையே. மூன்றாம் ஹென்றி அப்புனிதனை எண்ணித்தான் 1239இல் பிறந்த தன் மகனுக்கு அப்பெயரை இட்டான்.

இதில் வரலாறு செய்த விநோதம் ஒன்றுண்டு. 1381இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர்மீது தலைக்கு ஒரு ஷில்லிங் என விதிக்கப்பட்ட வரியை எதிர்த்து உழவர்களும் கைவினைஞரும் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குட் புகுந்தார்கள். அவர்களின் தலைவன் வொட் டைலர். வொட் என்பது வோல்டரின் சுருக்கம். அதுவும் நோர்மன் இறக்குமதியே. பிரபுக்களை எதிர்த்தவனும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த பிரபுக்களின் பெயரையே சுமந்தான். ஆனால் பெயரின் மறுபாதி அவன் வர்க்கத்துக்கு உரியது. டைலர் என்றால் ஓடு வேய்பவன். அக்கிளர்ச்சிக்காரர் பல இடங்களிலே பண்ணை நீதிமன்றங்களின் பதிவேடுகளைத் தேடியெடுத்து எரித்தார்கள். அவர்களது அடிமைத்தனம் பெயர்பெயராக எழுதப்பட்டிருந்தது அங்கேதான்.

தொழிற்பெயர்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துபோன காலமும் ஏறத்தாழ இதுவே. ஸ்மித் கொல்லன், மில்லர் மாவரைப்பவன், கூப்பர் பீப்பாய் செய்பவன். நெய்த கம்பளியை நீரிலிட்டு மிதித்துத் தடிப்பாக்குபவனைத் தென்கிழக்கிலே புல்லர் என்றும், தென்மேற்கிலே டக்கர் என்றும், வடக்கிலே வோக்கர் என்றும் அழைத்தனர். நம் மலைநாட்டிலே லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஸ்கொத்லாந்தியர் ஜேம்ஸ் டெய்லரின் முன்னோருள் ஒருவனும் தையற்காரனாக இருந்திருக்க வேண்டும். வெப்ஸ்டர், பக்ஸ்டர், புறூஸ்டர் என்பனவற்றின் ‘ஸ்டர்’ ஈறு ஆதியிலே பெண்பால் ஈறாகும். நெய்தவள், ரொட்டி சுட்டவள், மது வடித்தவள் என்பனவே அவற்றின் முதற்பொருள். அவளுடைய உழைப்பு இன்று ஆண்வழிப் பெயராக நிற்கிறது.

ஸ்கொத்லாந்தின் மலைப்பகுதியிலே கெயிலிக் மொழி வழங்கியது. அங்கே ‘மக்’ என்றால் மகன். மக்கின்டயர் தச்சனின் மகன். மக்டகட் பூசகரின் மகன். கம்பெல் என்பதோ கோணல் வாய் என்னும் பட்டப்பெயர். ஓரிடத்துக் குடிகள் இரத்த உறவில்லாதபோதும் பாதுகாப்புக்காகத் தலைவனின் பெயரைத் தமதாக்கிக்கொள்வதுண்டு. 

அத்தகைய பெயரொன்றை அரசு சட்டத்தினாலே கொன்றது. மக்கிரெகர் குலத்தாரின் பள்ளத்தாக்குகளுக்குக் கம்பெல் பிரபுக்கள் அரச உறுதிகள் பெற்றுவிட்டனர். நிலமிழந்தவர்கள் கால்நடைக் கொள்ளையிலே இறங்கினார்கள். 1603 பெப்ரவரியில் கிளென் புறுயினிலே நடந்த சண்டையில் அவர்கள் கொகூன் குலத்தாரைக் கொன்று குவித்தார்கள். ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் ஏற்கப் புறப்பட்ட அந்த ஏப்ரலிலேயே, மக்கிரெகர் என்னும் பெயர் ஒழிக்கப்பட்டதென்றும் அதனை விடாதவருக்கு மரணமென்றும் ஆணை பிறந்தது. மறு ஆண்டு அவர்தம் தலைவன் எடின்பரோவிலே தூக்கிலிடப்பட்டான். மற்றையோர் கிராண்ட், மறே, ஸ்டூவர்ட் எனப் பிறர் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டனர். 1661இல் நீங்கிய தடை 1693இல் மீண்டும் வந்து, 1774வரை நீடித்தது. கதைகளிலே புகழ்பெற்ற றொப் றோய் மக்கிரெகரும் தாயின் பெயரான கம்பெல்லைச் சூடியே நடமாட நேர்ந்தது. தன் குலத்தின் நிலத்தைப் பெற்றவர்களின் பெயர் அது!

பெயரைத் தலைவனோடு பகிர்ந்துகொண்டவர்கள் பிழைத்தார்களா? பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே கம்பளியின் இலாபம் குடிகளின் வாரத்தைவிடப் பெரிதாயிற்று. தலைவர்கள் தம் குடிகளை அகற்றிவிட்டு ஆடுகளைக் குடியேற்றினர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தினால் நலிந்திருந்த நொய்டார்ட் பகுதியிலே 1853இல் கிளென்கரித் தலைவனின் விதவை ஜோசபின் மக்டொனல் 300க்கு மேற்பட்ட குடிகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றினாள். ஏற மறுத்தோரின் வீடுகள் இடிக்கப்பட்டன. மக்டொனல், மக்டொனால்ட் என்பன ஒரே கெயிலிக் பெயரின் இரு எழுத்துவடிவங்கள். இடிப்பித்தவள் பெயரும், இடிபாட்டின் அருகே மழையிலே நின்றோருட் பலரின் பெயரும் அதுவே.