தண்ணியில்லாக் காட்டின் மழைக் கணக்கு

"ஒழுங்கா வேலை பார்க்கலேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" தமிழ் சினிமாவில் மேலதிகாரி மிரட்டும்போதெல்லாம் வருகிற வசனம். எந்தக் காடு என்று யாரும் கேட்பதில்லை. ராமநாதபுரம்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை சுமார் 827 மில்லிமீட்டர். எந்நேரமும் தூறல், எல்லோர் கையிலும் குடை என்று பெயர் வாங்கிய லண்டனுக்கு 600 மி.மீ. சொச்சம்தான்! அப்படியென்றால் இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?

சிக்கல் அளவில் இல்லை, தேதியில் இருக்கிறது. லண்டனில் அந்த மழை பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. இங்கே சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடும். அதிலும் நாலைந்து நாள் அடித்துப் பெய்து கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும். தென்மேற்குப் பருவக்காற்றோ கேரளப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மலை தாண்டி வெறுங்கையோடு வருகிறது. வருட வருமானம் மொத்தமும் ஒரே காலாண்டில் வந்து, செலவு மட்டும் வருடம் முழுக்க ஓடுகிற கடை மாதிரி. இந்தச் சீமையின் சரித்திரத்தில் பாதி, அந்தக் கடையை மூடாமல் நடத்திய கதைதான்.

கடல் பக்கத்திலிருந்து தொடங்கலாம். கீழக்கரைக்குக் கிழக்கே மன்னார் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது பெரியபட்டினம். இன்று அமைதியான கடற்கரை ஊர். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. பல 13, 14ம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 14ம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிய ஒரு துறைமுகமும், இபின் பதூதா 'ஃபத்தன்' என்று குறிப்பிட்ட பட்டினமும் இதுதான் என்பது ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவின் கருத்து. (தேவிப்பட்டினம் என்று சொல்பவர்களும் உண்டு. சண்டை இன்னும் முடியவில்லை.)

சீனத்துக்கும் இந்த மணல்மேட்டுக்கும் என்ன சம்பந்தம்? காற்றுதான். வாடைக்காற்றில் பாய் விரித்து வந்த கப்பல், திரும்பிப் போகத் தென்மேற்குக் காற்று கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குச் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும், சரக்கு வைக்க இடம் வேண்டும். பட்டினம் அப்படித்தான் வளர்ந்தது. வயலுக்கு மழை தராத அதே காற்று, துறைக்கு வியாபாரம் தந்தது.

1340களில் இபின் பதூதா இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததும் காற்றினால்தான். இலங்கையிலிருந்து வரும்போது பலத்த காற்றில் சிக்கி, கப்பல் தரைதட்டி, தட்டுத்தடுமாறிக் கரையேறினார். ஃபத்தன் துறையில் கடலுக்குள் பெரிய மரத்தூண்கள் மேல் கட்டிய மண்டபத்தையும், கல்லால் ஆன பள்ளிவாசலையும் குறிப்பிடுகிறார். கூடவே நல்ல மாதுளையும் திராட்சையும் ஏராளம் என்கிறார். தண்ணியில்லாக் காட்டில் திராட்சையா! ஆனால் இரண்டுமே வறண்ட காற்றை ஏற்றுக்கொள்ளும் கொடிகளும் செடிகளும்தானே.

முத்துக் குளிப்பும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதுதான். இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் அடங்கிக் கிடக்கும் ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை அது நடக்கும் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இன்றும் ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்களுக்கு இரண்டு கடல். தென்மேற்குக் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வடகடலான பாக் நீரிணை அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றில் அது அப்படியே தலைகீழ்.

கரையில் நிலைமை இவ்வளவு சுலபமில்லை. காற்றைச் சேமிக்க வேண்டாம், மழையைச் சேமிக்க வேண்டும். அதற்குத்தான் கண்மாய்கள். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல். நிலம் தட்டை என்பதால் ஆழமாக வெட்டுவதில்லை. நீளமாகக் கரை போட்டு ஓடிவரும் தண்ணீரை மறிப்பார்கள். ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். வைகை ஆறே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து அடைகிறது. கடலுக்குப் போவது மிச்சம் இருந்தால் மட்டும்!

அதுவும் போதாதென்று 18ம் நூற்றாண்டின் இறுதியில், முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மேற்கே பாயும் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்தார். முடியும், ஆனால் பணம் இல்லை. நூறு வருடம் கழித்து, 1895ல் பென்னிகுக் கட்டிய அணை அந்தத் தண்ணீரைத் திருப்பியது. பாசனத்தில் பெரும்பங்கு மதுரைப் பக்கத்துக்கே போனது. யோசனை சொன்ன ஊருக்குக் கடைசிப் பந்தி.

இடையில் 1876-78 தாது வருஷப் பஞ்சம். தொடர்ந்து மழை பொய்த்தால் எந்தக் கண்மாயும் உதவாது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இந்தச் சீமையிலிருந்து கப்பல் ஏறியவர்களின் கதைக்குப் பின்னால் கடன், ஜமீன், கங்காணி என்று பல காரணங்கள் உண்டு. வானமும் அதில் ஒன்று.

வாழவைக்கும் காலாண்டுதான் கொல்லவும் செய்யும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அப்படியே அலையில் மறைந்தது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் மிஞ்சவில்லை. மார்கழிப் புயல் அது. சித்திரையில் அந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கும்.

2024 நவம்பர் 20ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. மழை பெய்தது. மாவட்டத்தின் ஒரு வருடச் சராசரியில் கிட்டத்தட்ட பாதி! தெருவெல்லாம் வெள்ளம். சராசரிக் கணக்கில் அது 'நல்ல மழை ஆண்டு' என்றுதான் பதிவாகும். இன்னொரு பக்கம் சீமைக்கருவேல் மண்டி, வரத்துக்கால் தூர்ந்துபோன கண்மாய்கள் எத்தனையோ இருக்கின்றன. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருவதால் ஊரணியை எட்டிப் பார்ப்பதும் குறைந்துவிட்டது.

விவசாயி மட்டும் இன்னும் பழைய நாட்காட்டியில்தான் இருக்கிறார். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு. மழை வந்தால் நெல், வராவிட்டால் விதையும் போச்சு. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. மார்கழிவரை மழை வேண்டும், தை பிறந்தபின் கூடவே கூடாது. 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் வானம் திறந்துகொண்டது. அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே முளைத்தது, மிளகாய்ச் செடி அழுகியது. அந்த வருடம் தண்ணியில்லாக் காட்டு விவசாயிகள் நிவாரணம் கேட்டது மழைக்காக.