மருந்துக்கு மசியாத புழுக்கள்

எட்டயபுரம் என்றதும் பாரதியார் நினைவுக்கு வருவார். கரிசல் காட்டு ஆட்டுக்காரர்களுக்கோ அது சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. அங்கே கைமாறும் கன்னி, கொடி ஆடுகளுக்கு ஒரு பொது எதிரி உண்டு. இரைப்பையில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்ற புழுதான் அது.

1961-ல் தயாபெண்டசோல் என்ற புழுமருந்து விற்பனைக்கு வந்தது. 1964-லேயே அதற்குச் சாகாத புழுக்கள் அமெரிக்காவில் தென்பட்டன. 1976-ல் இந்தியாவிலும், பந்த்நகர் செம்மறிகளில், அதே நிலை பதிவானது. 1981-ல் வந்த ஐவர்மெக்டினுக்கும் பிறகு அதே கதிதான்.

ஏன் இப்படி? வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவையே அதற்கும் கொடுத்தால் மருந்து பற்றாது. புழு தாக்கிய இரைப்பையில் அமிலம் குறைவதால், சில மருந்துகள் உடலில் சேர்வதும் குறைகிறது. அரைகுறை மருந்தில் பலவீனமான புழுக்கள் சாகும். பிழைத்த புழுக்களே முட்டையிடும்.

சந்தையில் ஆடு கைமாறும்போது அந்தப் புழுவும் கூடவே அடுத்த ஊருக்குப் போகிறது. புழுக்கையைப் பரிசோதித்து, எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுத்தால் செலவு சிறிது. ஆடு செத்தால் ஒரு ஏழைக் குடும்பத்தின் முதலே போய்விடும்.