வாதம்

தமிழில் ‘வாதம்’ என ஒரே வடிவில் வழங்குபவை உண்மையில் இரு சொற்கள். வடமொழியில் ‘பேசு’ என்னும் பொருளுள்ள ‘வத்’ வேரிலிருந்து வந்தது காரணம் காட்டிப் பேசும் வாதம். ‘வீசு’ என்னும் பொருளுள்ள ‘வா’ வேரிலிருந்து வந்தது காற்றைக் குறிக்கும் வாதம். பக்கவாதம், முடக்குவாதம் காற்றின் வழி வந்தவை. வாதி, பிரதிவாதி, பிடிவாதம், தீவிரவாதம் பேச்சின் வழி வந்தவை. இரண்டையும் ஒன்றாக்கிப் பொருள் சொல்வது தவறு.

நியாய நூலார் உண்மை தேடும் பேச்சை மட்டுமே வாதம் என்றனர். தன் கொள்கையை நிறுவாமல் பிறர் கூற்றை மறுப்பது மட்டும் விதண்டை; குதர்க்கத்தை ‘விதண்டாவாதம்’ என்பது இதனால்தான்.

மதுரையில் திருஞானசம்பந்தர் சமணரோடு நிகழ்த்தியதாகப் பெரியபுராணம் கூறும் அனல்வாதமும் புனல்வாதமும் தருக்கம் அல்ல. ஏட்டைத் தீயிலும் வைகையிலும் இட்டுப் பார்த்த சோதனைகள். அங்கே ‘வாதம்’ போட்டி என்ற பொருளில் நிற்கிறது.