வான் பாயும் நீரும் மலைப்பாறையும்

தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் நோர்ட்டன் பிரிட்ஜ் அணையின் வான்கதவுகள் திறக்கப்படுவதும், காசல்ரி நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாய்வதும் மலைநாட்டார் கண்டறிந்த காட்சிகளே. வெண்ணுரையைக் கண்டு களிக்கும் நாம், அந்நீர் விழுமிடத்தில் பாறைக்கு நேர்வது யாதென எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்மலையருவிகளின் வலிமையை மின்சாரமாக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டு எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. அவர் கண்ட கனவு 1950இல் லக்சபான மின்நிலையமாக உருப்பெற்றது. 1960களில் காசல்ரி, மவுசாகலை அணைகள் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது.

குழாய்வழி இறங்கும் நீர் தன் வலிமையைச் சுழலியிடம் ஒப்படைத்து அமைதியாக வெளியேறுகிறது. வான்வழிப் பாயும் நீரோ அவ்வலிமையைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. 30 மீற்றர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர், அடியைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 24 மீற்றர் வேகம் பெறுகிறது. அது பாறையைத் தேய்ப்பதோடு நிற்பதில்லை. வெடிப்புகளுட் புகுந்து, கணந்தோறும் ஏறியிறங்கும் அமுக்கத்தாற் கற்பாளங்களை அசைத்துப் பெயர்த்தெடுக்கிறது. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கு மெய்யாகிறது.

ஆபிரிக்காவின் சாம்பேசி ஆற்றில் 128 மீற்றர் உயரமுள்ள கரிபா அணை இதற்குச் சான்று. 1959 முதல் அதன் வான்கதவுகளினின்று பாய்ந்த நீர், கடும்பாறையையும் அகழ்ந்து, காலப்போக்கில் ஏறத்தாழ 80 மீற்றர் ஆழமான மடுவை உண்டாக்கியது. அம்மடு அணையின் அடிநோக்கிப் பரவாதிருக்க, அதைத் திருத்தியமைக்கும் திட்டம் 2017இல் தொடங்கியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில் வான்காலின் கொங்கிறீற்றுத் தளம் உடைந்தது. அவசர வானின் கீழ் மலைச்சரிவும் அரிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,88,000 மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

இதனைத் தடுக்கப் பொறியியலாளர் அணையடியிற் கொங்கிறீற்றுத் தொட்டி அமைத்து நீரின் வேகத்தைத் தணிப்பர். அன்றி, நீரை அணைக்கு அப்பால் தொலைவில் விழச் செய்வர். எவ்வழியாயினும், வெள்ளம் வடிந்தபின் அணையடியை ஆராய்ந்து பழுதுபார்த்தல் இன்றியமையாதது. நம் மலைநாட்டின் இவ்வணைகள் அரை நூற்றாண்டைக் கடந்தவை. அவற்றின் கீழே ஆற்றோரத்தில் நம் மக்கள் வாழ்கின்றனர். எனவே, அணையைக் கட்டியதோடு கடமை முடிந்துவிடவில்லை. நீரைத் தேக்கும் சுவரைக் காப்பது போலவே, அச்சுவரைத் தாங்கும் பாறையையும் காப்பது நம் பொறுப்பாகும்.